செற்றை மாற்றாமற் காரின் ஒலியைத் திருத்தல்

கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தொழிலால் எந்திரியாகிய நான் பாலம் ஒன்றைப் பற்றியோ குளக்கட்டு ஒன்றைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. காருடன் தொழிற்சாலையிலிருந்தே வந்த பாட்டுக் கருவியின் ஒலி நிறைவு தராதவிடத்து, முகப்பிலுள்ள மூலக் கருவியைக் கழற்றாமலே அதனை எவ்வாறு திருத்திக்கொள்ளலாம் என்பதே அது. பழைய மாணவர் சங்கக் கூட்டம் முடிந்து வாயிலில் நிற்கும்போது நண்பர் பலர் என்னிடம் கேட்டிருக்கும் வினாவும் இதுவே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதிலும் ஒருமுறை எழுதிவைத்தல் நன்று. அன்றியும், இவ்விடயத்திற் பணத்தையும் நல்ல கருவி ஒன்றையும் இழந்து பாடம் படித்தவன் நான். அப்பாடத்தின் முதற்பகுதி எம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திலே எனக்கு முன்னரே கற்பிக்கப்பட்டிருந்தது என்பதைக் காலங்கடந்தே உணர்ந்தேன்.

இழந்த கதை

2017ஆம் ஆண்டில், யப்பானிற் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியான சிறிய கார் ஒன்றை வாங்கினேன். வீடு யாழ்ப்பாணத்திலும் தொழில் கிளிநொச்சியிலும் ஆதலால், நாள்தோறும் ஏ-9 வீதியிற் போக 60 கிலோமீற்றருக்கு மேல், வர அவ்வளவு. அத்தூரத்துக்குப் பாட்டே துணை. இக்கல்லூரியின் பழைய மாணவரான என் தந்தையாரையும் மாதம் ஒருமுறை அதே காரில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதுண்டு. இளமையிற் கோயில் வீதிகளில் விடிய விடிய இருந்து மேளம் கேட்டவர் அவர். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவு ஒன்றை அவருக்காக ஒருநாட் போட்டேன். சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, தகரத்திலை தட்டிற மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டு" என்றார். அவருடைய செவி முதுமையினால் மங்கிவிட்டது என்றே நான் எண்ணினேன். பிழை செவியிலன்று, காரிலே என்பது பின்னர்த் தெரிந்தது.

2021இல் ஒரு கடைக்குக் காரைக் கொண்டுசென்றேன். வலுப் போதாது என்றார்கள். பின்பெட்டியில் 'அம்ப்' ஒன்றும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் பூட்டினார்கள். ஒரு கிழமை காது அதிர்ந்தது, இசை திருந்தவில்லை. எட்டாம் நாள் முகப்புக் கருவியிலிருந்து கருகல் மணம் எழுந்தது, கருவி அணைந்தது. அதனுடன் பின்னோக்குக் கமராவின் படமும் போயிற்று; ஸ்ரியறிங்கிலிருந்த பொத்தான்களும் பயனிழந்தன. நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய காரும் அதன் உறுப்புகளும் பொன்போலாயின. கருகிய கருவிக்கு ஈடாகப் பாவித்த கருவி ஒன்றைத் தேடிப் பெறுவதற்கு எனக்கு நான்கு மாதஞ் சென்றது. அந்த நான்கு மாதமும் காரின் கம்பிகளை நானே அவிழ்த்துப் பார்த்துக் கற்றவையே கீழே வருவன.

கருவியின் மூன்று உறுப்புகள்

காரின் ஒலி அமைப்பு மூன்று பகுதிகளையுடையது. முதலாவது, முகப்பிலே பொருந்தியிருக்கும் தலைக்கருவி. எங்களூரவர் இதனைச் 'செற்' என்பர். வானொலியையோ கைத்தொலைபேசியையோ தட்டையோ மூலமாகக் கொண்டு மின்சைகையை உண்டாக்குவது இதுவே. இரண்டாவது, அச்சைகையைப் பெருக்கும் விரியலாக்கி. கடையில் அம்ப் என்று கேட்டால் தருவது இதனையே. பெரும்பாலான கார்களில் இது தனியாக இராது. நகத்தளவான ஒரு சில்லாகத் தலைக்கருவியின் உள்ளேயே இருக்கும். மூன்றாவது, கதவுகளிலும் முகப்பிலும் உள்ள ஒலிபெருக்கிகள்.

இம்மூன்றனுள் உற்பத்தியாளர் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் மூன்றாவதிலே. பல கார்களிற் கதவொலிபெருக்கி என்பது மெல்லிய தாட்கூம்பும் சிறு காந்தமும் கொண்டு, பிளாத்திக்குச் சட்டத்தில் அமைந்த இலேசான பொருள். அதனைத் தாங்கும் கதவோ உட்பக்கம் துளைகள் மலிந்த வெறுந்தகடு. இவற்றோடு ஒப்பிடின் தலைக்கருவி தன் கடமையை நன்றாகவே செய்வது. ஆகவே, ஒலி குறைபட்டவுடன் செற்றைப் பழித்தல் பானை ஓட்டையாயிருக்கக் கிணற்றைப் பழிப்பது போலாகும்.

வாற்றுக் கணக்கு

தலைக்கருவியின் பெட்டியில் '50 வாற்று × 4' என அச்சிட்டிருப்பதை அன்பர்கள் கண்டிருப்பர். அதன் உண்மையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். எந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ற்று. ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையாற் பிரித்தால் 51.8 வாற்று வரும். அச்சிட்ட 50 வாற்று இதுவே. ஆனால் இது அழுத்தம் முழுவதும் இடையறாது ஒலிபெருக்கியிற் பாயும்போது, அதாவது அலையின் முடி முற்றாக வெட்டுண்டு சதுரமாகிய நிலையில் வருவது. அந்நிலையிற் கேட்பது இசையன்று, இரைச்சல். தூய சைன் அலைக்கு அதிற் பாதியாகிய 26 வாற்றே எல்லை. உள்ளிழப்புகளையும் கழித்தால் 15 முதல் 20 வாற்று வரையே உண்மையில் எஞ்சும்.

இதுவும் குறைவன்று. வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மாத்திரமே உயரும். செவி அதனைச் சிறு வேறுபாடாகவே உணரும். ஒலி இருமடங்காகக் கேட்பதற்கு ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். அதே வேளை, 88 டெசிபெல் உணர்திறனுள்ள ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு 91 டெசிபெல் உள்ளதைப் பொருத்தினால், வலுவை இருமடங்காக்கிய பயன் ஒரு கம்பியையும் தொடாமலே கிடைத்துவிடும். கடைக்காரர் வாற்றை விற்பர். வாங்குவோர் டெசிபெல்லைக் கேட்க வேண்டும்.

செற்றை ஏன் விட்டுவைத்தல் வேண்டும்

முற்காலத்திற் கார் வானொலி ஒரு தனிப்பெட்டி. 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ஒரே அளவான வாயில் பல நாட்டுக் கார்களுக்கும் பொதுவாயிருந்தது. ஒன்றை இழுத்தெடுத்து மற்றொன்றைத் தள்ளினாற் போதும். இன்றைய நிலை வேறு. தலைக்கருவி கமராவோடும், ஸ்ரியறிங்கோடும், சில கார்களிற் குளிரூட்டியோடும், வண்டியின் அமைப்புகளைத் திருத்தும் பட்டியலோடும் பின்னிப் பிணைந்துள்ளது. அதனை அகற்றுவது ஒரு பல்லைப் பிடுங்குவதன்று. பல்லோடு தாடையையும் அசைப்பது.

யப்பானியக் கருவிகளுக்கு மேலும் இரு குணங்கள் உள. ஒன்று, சில வகைகள் பற்றறியைக் கழற்றினாற் பூட்டிக்கொண்டு கடவெண் கேட்கும். ஆதலால் எந்த வேலைக்கும் முன் அக்கடவெண் கையில் உண்டா என விசாரித்தல் அவசியம். மற்றது, யப்பானிற் பண்பலை வானொலி 76 மெகாஹேர்ட்ஸிலிருந்து, முன்னாளில் 90 வரையும் இந்நாளில் 95 வரையும் அமைந்தது, இலங்கையிலோ 87.5 முதல் 108 வரை. இதனால் நம் நிலையங்கள் பல அச்செற்றிற் கேளா. இதற்காகச் செற்றை மாற்ற வேண்டியதில்லை. வான்கம்பிக்கும் செற்றுக்கும் இடையே, மீடிறனைக் கீழிறக்கித் தரும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினாற் போதும். 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்று கேட்டாற் கடையிற் கிடைக்கும்.

முதற்படி: கதவு

இனி, திருத்தும் முறைக்கு வருவோம். எந்த உறுப்பையும் வாங்குமுன் கதவைக் கவனிக்க வேண்டும். இதன் நியாயத்தை விளக்க எம் பௌதிக ஆசிரியர் செய்துகாட்டிய ஒரு பரிசோதனையை நினைவூட்டுகிறேன். அக்காலத்தில் உயர்தர வகுப்பிலிருந்தோர் மறந்திரார். ஓர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்து மெல்லச் சுழற்றச் சொல்வார். ஒரு முழுச்சுற்றில் ஒலி நான்கிடத்தில் ஓங்கி, நான்கிடத்தில் ஏறக்குறைய அற்றுப்போகும். கவையின் இரு புயங்களும் விலகும்போது வெளிப்பக்கத்தில் வளி நெருக்கமடைய, இடைவெளியில் ஐதாகும். இவ்விரு அலைகளும் எதிர் அவத்தையிற் கூடுமிடத்தில் ஒன்றை ஒன்று விழுங்கும். தலையீடு என்று ஏட்டில் எழுதிக்கொண்டது இதனையே. பின்னர் ஆசிரியர் ஒலி அற்ற நிலையிற் கவையை அசையாது பிடிக்கச் சொல்லி, தாளினாற் சுருட்டிய குழாய் ஒன்றை ஒரு புயத்தின்மேல், அதனைத் தொடாதபடி, மெல்லச் செருகுவார். உடனே ஒலி மீண்டும் எழும்! நாங்கள் வியந்தோம், பரீட்சைக்கு எழுதினோம், மறந்தோம்.

கதவிலுள்ள ஒலிபெருக்கியும் அவ்விசைக்கவையே. கூம்பு முன்னே தள்ளும்போது காருக்குள் நெருக்கமும் கதவுக்குள் ஐதாக்கமும் ஒருங்கே உண்டாகின்றன. கதவின் உட்தகட்டில் உற்பத்தியாளர் விட்ட பெருந்துளைகள் மெல்லிய பிளாத்திக்குத் தாளால் மாத்திரம் மூடப்பட்டிருத்தலின், பின்னலை அவ்வழியே புகுந்து முன்னலையைச் சந்திக்கும். 80 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள மந்தர ஒலியின் அலைநீளம் 4 மீற்றருக்கும் மேற்பட்டது. அவ்வலைக்கு ஒரு முழத் தூரம் சுற்றிவருவது ஒரு பொருட்டன்று. இரண்டும் எதிர் அவத்தையிலேயே சந்தித்து அழியும். 3,000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 12 சென்ரிமீற்றருக்கும் குறைவு; அது இவ்வாறு ஒழுங்காக அழிவதில்லை. எனவே தார ஒலி நிற்கும், மந்தரம் மறையும். தவிலின் வலந்தலையில் விரற்கூடு படும் சொற்கள் கேட்கும். கழி விழும் இடந்தலையின் முழக்கம் கேளாது. என் தந்தையார் கேட்ட தகரச் சத்தம் இதுவன்றி வேறில்லை.

பரிகாரம் ஆசிரியரின் தாட்குழாயே. கதவின் உள்மறைப்பைக் கழற்றி, உட்தகட்டின் பெருந்துளைகளை மெல்லிய அலுமினியத் தகட்டினாலோ ஒட்டும் தணிப்புத் தாளினாலோ காற்றுப் புகாதபடி மூட வேண்டும். ஒலிபெருக்கியின் வளையம் தகட்டைத் தொடும் விளிம்பிலும் நுரைப் பட்டி ஒட்ட வேண்டும். வெளித்தகட்டின் உட்புறத்தில் தணிப்புத் தாளைத் துண்டு துண்டாக ஒட்டினால் தகடு அதிர்வது அடங்கும். தகடு முழுவதையும் மூடவேண்டியதில்லை. நடுப்பகுதியிற் காற்பங்கு மூடினாலும் பெரும்பயன் உண்டு. தாரினாற் செய்த மலிவுத் தாள்கள் எங்களூர் வெயிலில் இளகி மணக்கும். பியூற்றைல் இறப்பரினாற் செய்தவற்றையே தேர்க.

மூன்று எச்சரிக்கைகள். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை ஒருபோதும் அடைத்தல் ஆகாது. அடைத்தால் மாரியிற் கதவு குளமாகித் துருப்பிடிக்கும். கண்ணாடி இறங்கும் வழியிலும் பூட்டின் கோல்களிலும் எதுவும் ஒட்டக்கூடாது. சில கார்களிற் பக்கமோதலை உணரும் அழுத்த உணரி கதவினுள்ளேயே இருக்கும். அத்தகைய காரிற் காற்றுப்பை விரியும் முறை கதவுக்குள்ளிருக்கும் காற்றைப் பொறுத்தது. ஆதலால் அக்கதவை அதனை அறிந்த தொழிலாளியின் கையிலேயே விட வேண்டும்.

இரண்டாம் படி: ஒலிபெருக்கி

கதவு அடைபட்டபின் பழைய ஒலிபெருக்கியையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலர் இவ்விடத்திலேயே நிறைவடைவர். நிறைவடையாதார் புதிய ஒலிபெருக்கிக்குச் செல்லலாம். செற்றின் 15 வாற்றிலேயே அது இயங்கவேண்டுமாதலின், உணர்திறன் 90 டெசிபெல்லுக்குக் குறையாதது நன்று. வாங்குமுன் பழையதன் தடையை மானியால் அளந்தறிக. 4 ஓம் எனப்படுவது மானியில் 3.5 ஓமையடுத்துக் காட்டும். 2 ஓமையடுத்துக் காட்டுமாயின், அக்காரில் மறைவாக ஒரு தனி விரியலாக்கி இருக்கக்கூடும். அங்கு 4 ஓம் ஒலிபெருக்கியைப் போட்டால் ஒலி முன்னையிலும் தாழும். காந்தத்தின் ஆழம் கண்ணாடியில் முட்டுமோ என்பதையும், கண்ணாடியை முற்ற இறக்கிவைத்து அளந்து பார்க்க வேண்டும்.

பொருத்தும்போது நேர், எதிர் முனைகளை நான்கு கதவிலும் ஒரே முறையில் இணைத்தல் வேண்டும். ஒன்று மாறினாலும் இடமும் வலமும் ஒன்றையொன்று விழுங்கி மந்தரம் மறையும். கதவை அடைத்த உழைப்பு வீணாகும். ஐயமாயின், செற்றிலிருந்து ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ற்றுக் கைவிளக்குப் பற்றறியைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள். நேர்முனை நேர்முனையிற் பட்டாற் கூம்பு வெளியே எழும்.

ட்வீற்றர் எனப்படும் தார ஒலிபெருக்கியோடு தொடராக ஒரு கொள்ளளவி இருக்கும். அதனை வேண்டாத பொருளென அறுத்தெறிந்தவர்களை நான் அறிவேன். 4 ஓமுக்கு 10 மைக்ரோபரட்டு என்றால் ஏறக்குறைய 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அது தணித்து விலக்குகிறது. அதனை நீக்கினால் நூலிழை போன்ற சுருள் சிலநாளிற் கருகும்.

மூன்றாம் படி: விரியலாக்கி

வண்டி ஓட்டத்தின் இரைச்சலை மேவிக் கேட்கவேண்டும், அல்லது சப்வூபர் எனும் ஆழ்மந்தரப் பெட்டி ஒன்றை இயக்கவேண்டும் என்போருக்கே தனி விரியலாக்கி தேவை. என் செற் கருகியது இப்படியிலேயே ஆதலால், இவ்விடத்திற் சற்று நிதானமாக நடப்போம்.

சந்தையிற் கிடைக்கும் செற்றுகளிலிருந்து விரியலாக்கிக்கெனத் தனி வாயில் மூலம் 1 முதல் 4 வோல்ற்று வரையான மெல்லிய சைகை வரும். தொழிற்சாலைச் செற்றிற் பெரும்பாலும் அவ்வாயில் இராது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பிகளே உள. அவற்றில் 9 வோல்ற்று வரை எழும் சைகையைத்தான் எடுத்தாள வேண்டும். அதற்கு இரு வழிகள். உயர்மட்டச் சைகையை நேரே ஏற்கும் வாயிலுடைய விரியலாக்கியை வாங்குவது ஒன்று. சைகையைத் தாழ்த்தித் தரும் சிறு மாற்றிப் பெட்டியை இடையில் வைப்பது மற்றொன்று. முன்னையதில் இணைப்புகள் குறைவு. ஆதலாற் பழுதும் குறைவு.

இங்கே மறவாதிருக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒலிபெருக்கியின் எதிர்க்கம்பி, பெயரால் எதிரே அன்றி, காரின் உடற்தகட்டோடு இணைந்ததன்று. 12 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து இயன்றவளவு வலுவைப் பெறும்பொருட்டு, செற்றினுள்ளே ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் இரு விரியலாக்கிகள் எதிரெதிராகத் தள்ளி இழுக்கின்றன. செற் ஓடும்போது எந்தக் கம்பியையும் உடற்தகட்டை ஒப்பிட்டு நேரோட்ட மானியால் அளந்தால், மின்வழங்கலிற் பாதி, அதாவது 6 அல்லது 7 வோல்ற்றுக் காட்டும். எதிர்க்கம்பிகளை ஒன்றுசேர்த்துத் தகட்டிற் கட்டுவது, அவ்விரு விரியலாக்கிகளுள் ஒன்றைக் கைகால் கட்டி நிலத்தில் அழுத்துவதற்கு ஒப்பாகும். என் காரிற் செய்தது அதுவே. பூட்டியவர் தீயவரல்லர், பழைய வானொலிகளில் எதிர்க்கம்பி உடற்தகட்டோடு ஒன்றாயிருந்த காலத்துப் பழக்கத்தை அப்படியே செய்தார். ஒவ்வொரு கம்பியிணையையும் தனித்தனியே விரியலாக்கிக்குக் கொண்டுசெல்வதே முறை.

இன்னும் இரண்டு. சில செற்றுகள் தம் கம்பியில் ஒலிபெருக்கி இல்லையெனக் கண்டால் தாமே வாய்மூடும். அவற்றுக்கு ஒலிபெருக்கி போல நடிக்கும் தடையி ஒன்றைச் சேர்க்க வேண்டும். விரியலாக்கியை எழுப்பும் சைகைக் கம்பி தொழிற்சாலைச் செற்றில் இல்லாதவிடத்து, மேற்கூறிய 6 வோல்ற்றை உணர்ந்து தானே விழிக்கும் விரியலாக்கியைத் தேர்ந்தால் சிக்கல் தீரும்.

உருகியும் கம்பியும்

ஒலி கெட்டாற் கேளாதிருக்கலாம், கார் தீப்பற்றினால்? ஆகவே இப்பகுதியை எவரும் தாண்டிச் செல்லற்க. நான்கு ஒலிபெருக்கிக்கு 50 வாற்று வீதம் 200 வாற்றுத் தரும் 'டி' வகுப்பு விரியலாக்கியின் திறன் நூற்றுக்கு 80 எனக் கொண்டால், அது பெறும் வலு 250 வாற்று, 13.8 வோல்ற்றில் 18 அம்பியர். இதற்குப் பற்றறியிலிருந்து நேராக ஒரு தனிக்கம்பி வேண்டும். 8 சதுர மில்லிமீற்றர்ச் செம்புக் கம்பி 5 மீற்றர்த் தூரத்துக்குப் போதும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவு; ஆனால் அலுமினியம் செம்பின் மின்கடத்துதிறனில் ஐந்தில் மூன்று பங்களவே உடையது. அதனையே வாங்கினால் அடுத்த பருமனை வாங்குக.

பியூஸ் எனப்படும் உருகி பற்றறியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருத்தல் வேண்டும். அது விரியலாக்கியைக் காப்பதற்கன்று, கம்பியைக் காப்பதற்கு. எந்திர அறையின் தகட்டைத் துளைத்து வரும் கம்பி நாளடைவில் உராய்ந்து தோல் உரிந்து தகட்டிற் பட்டால், பற்றறி பல நூறு அம்பியரைக் கொட்டும். உருகி பின்பெட்டியில் இருந்தால் அது அறிவதற்குள் கம்பி சிவந்துவிடும். துளையில் இறப்பர் வளையம் இடுக. நிலத்தொடுப்பு, வர்ணத்தைச் சுரண்டிய வெறுந்தகட்டில் இறுக்கமாக அமைக. மின்கம்பியை ஒரு பக்கமும் சைகைக் கம்பியை மறுபக்கமும் கொண்டுசென்றால், எந்திர வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் எழாது.

மட்டம் வைத்தல்

விரியலாக்கியிலுள்ள 'கெயின்' திருகு ஒலியைக் கூட்டும் திருகென்று பலர் எண்ணி அதனை முற்றத் திருப்புவர். அது செற்றின் சைகையளவுக்கு விரியலாக்கியை இசைவிக்கும் திருகு. ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, வடிகளையும் நிறுத்திவிட்டு, 400 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியைச் செற்றின் முக்காற்பங்கு ஒலியளவில் ஓடவிடுக. விரியலாக்கியின் வெளிவாயிலில் ஆடலோட்ட வோல்ற்றை அளந்துகொண்டே திருகை ஏற்றுக. 4 ஓமில் 50 வாற்றுக்கு வேண்டியது 50ஐயும் 4ஐயும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம், அதாவது 14.1 வோல்ற்று. அவ்விடத்தில் நிறுத்துக.

புதிய கார்கள் சிலவற்றில் ஒரு நுட்பம் உண்டு. மெலிந்த ஒலிபெருக்கியைக் காக்கும்பொருட்டு, ஒலியளவைக் கூட்டக்கூட மந்தரத்தைச் செற்றே வெட்டிவிடும். நல்ல ஒலிபெருக்கி பூட்டியபின்னும் அது வெட்டும். இதனைச் சரிக்கட்ட எண்முறைச் சைகைச் செயலி ஒன்றை இடையில் வைப்பர். அச்செயலியால் மற்றுமொரு நன்மையும் உண்டு. நம் நாட்டிற் சாரதி வலப்பக்கத்தில் இருத்தலால் வல ஒலிபெருக்கி அருகிலும் இடது தொலைவிலும் அமையும். தூரவேறுபாடு 60 சென்ரிமீற்றராயின், வல ஒலி ஏறக்குறைய 1.7 மில்லிசெக்கன் முந்தி வரும். பாடகர் வலக்கதவில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். செயலி வல ஒலியை அவ்வளவு தாமதிக்கச் செய்தால், பாடகர் கண்ணெதிரே வந்து அமர்வார்.

செவியைக் காத்தல்

மாணவ வாசகருக்கு ஒரு சொல். 85 டெசிபெல் மட்டத்தில் நாளொன்றுக்கு 8 மணிநேரம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவகம் விதந்துரைத்த எல்லை. 3 டெசிபெல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 100இற் கால்மணி. கெட்ட செவி மீளாது. நன்றாகத் திருத்திய கருவியின் குணமே, தாழ்ந்த அளவிலும் யாவும் கேட்பது. சந்தியில் நிற்கும்போது அயற்காருக்கும் கேட்கிறதென்றால் அது திருத்தமன்று. பின்னால் வரும் அம்புலன்சின் ஒலி சாரதிக்குக் கேட்கவேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

முடிவுரை

கதவு, ஒலிபெருக்கி, விரியலாக்கி, செயலி என்ற இவ்வொழுங்கிலேயே செல்க. ஒவ்வொரு படியிலும் நின்று கேட்டுப் பார்த்தே அடுத்ததற்குச் செல்க. என் காரில் இன்று தனி விரியலாக்கி இல்லை. பின்பெட்டியிலிருந்த பெரும்பெட்டியை விற்றுவிட்டேன். பாவித்த நிலையிற் கிடைத்த, அதே வகையான செற். அடைத்த நான்கு கதவுகள். முன்கதவுக்கு ஓர் இணை ஒலிபெருக்கி. இவ்வளவே.

வேலை முடிந்த மாதத்தில் தந்தையாரை வழமைபோல் வைத்தியசாலைக்கு ஏற்றிச்சென்றேன். ஒன்றும் சொல்லாமல் அதே தவில் ஒலிப்பதிவைப் போட்டேன். கோப்பாய்ச் சந்திமட்டும் அவர் பேசவில்லை. தொடையில் விரல்கள் மாத்திரம் அசைந்தன. பின்பு, "தம்பி, இப்பத்தான் தவிலின்ரை மற்றப் பக்கம் கேக்குது" என்றார். அவர் செவியில் முன்னரும் பழுதிருக்கவில்லை. நான்தான் அவரை நம்பாதிருந்தேன்.

அன்று வீடு திரும்பியதும் பழைய பெட்டியைத் திறந்து உயர்தர வகுப்புப் பௌதிகக் கொப்பியைத் தேடி எடுத்தேன். இசைக்கவையின் படம், அதன் ஒரு புயத்தின்மேற் குழாய், பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் இட்ட சரி. பரீட்சைக்கெனப் படித்ததை வாழ்வுக்கெனத் திரும்பப் படிக்கும் பேறு எல்லோர்க்கும் கிடைப்பதன்று. அதனை எனக்கு அளித்த ஆசிரியருக்கும், அவ்வாய்வுகூடத்தை இன்றும் பேணிவரும் எம் கல்லூரிக்கும் என் வணக்கம்.